கார் இல்லாமல் திரும்பிய சக்கரம்

விஜயதசமியன்று பகல் ஒன்றரை மணிக்கு, என் காரின் இடது முன்சக்கரம் கார் இல்லாமல் தனியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மருதமலைச் சாலையின் வளைவொன்றில் காரைவிட்டுப் பிரிந்த அது, பதினொரு கிலோமீட்டர் தூரத்தை, வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதரின் நடை வேகத்தில், சாலையின் இடப்புறமாகவே ஒதுங்கிக் கடந்து, நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் கையுயர்த்திக் குறுக்கே வந்த நகரப் பேருந்தை நிறுத்திக் கொடுக்க, வாழைக்கன்று கட்டிய லாரிகளையும் மாலை சூடிய ஆட்டோக்களையும் தாண்டி, ரயில் பாலத்தின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, எங்கள் நகரின் முதல் வீதியில் திரும்பியது. என் வாசலுக்கு நேரே வந்ததும் வேகத்தைச் சற்றுக் குறைத்தது, நிற்கவில்லை. அதன் நடுவிலிருந்த நான்கு துளைகளையும் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்ததை நான் கேட்டைப் பிடித்தபடி பார்த்தேன். பிறகு அது இரண்டாம் வீதிக்குள் மறைந்து, ஒன்பது நிமிடம் கழித்து நான்காம் வீதியின் வழியாக மறுபடி வந்தது. அன்று முழுவதும் அப்படியே சுற்றியது. அடுத்த நாளும் சுற்றியது.

அது ஏன் நிற்கவில்லை என்று எங்கள் நகரில் ஒருவரும் ஆராயவில்லை. ஆராயும் தேவை இல்லாதவள் நான் ஒருத்திதான்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பெண்கள் பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் கற்பித்தேன். திருகு மரையை வரையும்போது கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பதற்காக என் மாணவிகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. குன்னூரில் ஓர் எஸ்டேட் மேலாளரிடமிருந்து நான் வாங்கிய, இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இருபத்தாறு ஆண்டுகளாக எந்தப் பட்டறைக்கும் அனுப்பியதில்லை. அதிலும் பெருமை இருந்தது.

ஆயுத பூஜையன்று நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி மாட்டுவது என் வழக்கம். அந்த ஆண்டு மூன்றை முடித்து, நான்காவதை அதைத் தாங்கும் மரைபோட்ட தண்டுகளான ஸ்டட்டுகளின்மேல் தொங்கவிட்டிருந்தபோது, பூஜைக்குக் குறித்த நேரம் வந்துவிட்டது. எனவே அந்தச் சக்கரத்தின் நான்கு நட்டுகளையும் ஸ்பானரையும் தட்டில் வைத்துப் படத்தின் முன்னால் வைத்தேன். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடக்கூடாது; எங்கள் ஊரில் பட்டறைகளும் மில்களும் அதனால்தான் அன்று மௌனமாக இருக்கின்றன. நட்டில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு ஸ்டட்டுகளின் நுனியிலும், அவற்றைச் சுற்றிச் சக்கரத்திலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். காரின் அழகான பகுதி அதுவே என்று அப்போது தோன்றியது.

மறுநாள் காலை எதிர்வீட்டுத் திருமூர்த்தி குளித்து வேட்டி கட்டி வந்து நின்றார். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வேனில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பின்னால் அவர் மனைவி பூங்கொடி, தலை நிறைய மல்லிகையோடு.

"டீச்சரம்மா, இந்த வருசமாச்சும் ஒரு ரவுண்டு குடுப்பீங்களா? இவளை மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க. வேன்ல போனா ஸ்கூலுக்குப் போற புள்ளயாட்டம் இருக்குதுங்கறா."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? சத்தமில்லாத வண்டில ஒருக்காப் போகணும்னு சொன்னேனுங்க," என்றாள் பூங்கொடி.

"அப்ப இது வேண்டாம் பூங்கொடி. இது உங்க வேனைவிட அதிகமாச் சத்தம் போடும்," என்றேன்.

மூவரும் சிரித்தோம். பிறகு நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காரின் அருகே மண்டியிட்டேன். ஸ்டட்டுகளில் சந்தனம் காய்ந்து, மரைகளின் இடுக்குகளில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஒரு கம்பித் தூரிகையும் இரண்டு நிமிடமும் போதும். மரையில் ஒரு துணுக்கு மண் இருந்தாலும் நட்டை ஏற்றக்கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவள் நான். ஆனால் விஜயதசமி காலையில், பூஜைச் சந்தனத்தைத் தூரிகையால் சுரண்டி எடுக்க எனக்குக் கை வரவில்லை. நட்டுகளை அப்படியே ஏற்றினேன். மூன்று நட்டுகள் முனகிக்கொண்டு ஏறின. நான்காவது இரண்டு சுற்றில் சாய்ந்து நின்றுவிட்டது.

"மரை ஏறலீங்களா? நான் பாக்கட்டுமா?" என்றார் திருமூர்த்தி.

"ஒரு நட்டு மாட்டத் தெரியாமலா திருமூர்த்தி இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன்?"

அவர் சிரித்து ஒதுங்கிக்கொண்டார். நான் ஸ்பானரின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி அழுத்தினேன். நட்டு ஏறியது. ஏறும்போது உள்ளே ஏதோ மெத்தென்று இளகுவதை என் மணிக்கட்டு உணர்ந்தது. உலோகம் உருக்குலையும்போது அப்படித்தான் இருக்கும். வேறு எதுவும் அப்படி இராது. நான் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, சாவியைக் கொடுத்தேன்.

"பாத்துப் போயிட்டு வாங்க," என்றேன்.

சக்கரம் வந்த சற்று நேரத்தில் தொலைபேசி வந்தது. கார் சாலையோரப் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. திருமூர்த்திக்குச் சிராய்ப்புகள், பூங்கொடிக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனை வராந்தாவில் என்னைக் கண்டதும் அவர் இரு கைகளையும் கூப்பிக்கொண்டார்.

"உங்க வண்டியை நாசம் பண்ணிட்டனுங்க. வளைவுல ஒரு நிமிசம் கண்ணு அவ பக்கம் போயிருச்சு. சிரிச்சுட்டு இருந்தா. கல்லுல ஏத்திச் சக்கரத்தைப் பிடுங்கிட்டனாட்ட இருக்குதுங்க."

அந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக நான் சொன்னது ஒரே ஒரு சொல்.

"பரவாயில்லை," என்றேன்.

நான் தீங்கிழைத்த மனிதரை நானே பெருந்தன்மையோடு மன்னித்தேன். அவர் அழுதார். வராந்தாவில் இருந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

சக்கரத்துக்கு எங்கள் நகர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. முதல் நாள் குழந்தைகள் பின்னால் ஓடினார்கள், இரண்டாம் நாள் நாய்கள் ஓடின, மூன்றாம் நாளிலிருந்து எவரும் ஓடவில்லை. கோலம் போடும் பெண்கள் அது செல்லும் தடத்துக்கு ஒரு சாண் அகலம் விட்டு இருபுறமும் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். காய்கறிக்கார ருக்குமணி தன் தள்ளுவண்டியை எதிர்ச் சாரிக்கு மாற்றிக்கொண்டாள். மருத்துவர் நடக்கச் சொல்லியும் நடக்காத சர்க்கரை நோயாளிகள் அதன் பின்னால் காலையில் ஐந்து சுற்றும் மாலையில் ஐந்து சுற்றும் தவறாமல் நடந்து இளைத்தார்கள். ஒரு சுற்று ஒன்பது நிமிடம் என்பது உறுதியானதும் கடிகாரத்தின் தேவையே குறைந்து, "ரெண்டு சுத்துல வந்தர்றேன்" என்று கடைக்குப் போவோரும், "பருப்பு மூணு சுத்து வேகட்டும்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகும் மாமியாரும் பெருகினார்கள். ஐப்பசி மழையில் சக்கரம் நனைந்துகொண்டே சுற்றியது. யாரோ ஒருவர் குடை பிடித்துக்கொண்டு அதனோடு ஒரு சுற்று நடந்ததையும் நான் பார்த்தேன்.

வங்கி மேலாளராக ஓய்வுபெற்ற நாச்சிமுத்து எங்கள் நலச்சங்கத் தலைவர். அவர் ஒருமுறை அதை இரு கைகளாலும் பிடித்து நிறுத்திப் பார்த்தார். "கன்னுக்குட்டி இழுக்கறாப்பல இருக்குதுங்க. முரட்டுத்தனம் இல்லை. ஆனா நிக்கறதுக்கு மனசு வரலை அதுக்கு," என்று சொல்லி விட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில், இரண்டாம் வீதியின் வேகத்தடையில் ஏறச் சக்கரம் சிரமப்படுவதால் அந்தத் தடையை அகற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதை அகற்றச் சொல்லி நாங்கள் மனிதர்களுக்காக நான்கு ஆண்டுகள் மனுக்கொடுத்து நடக்காதிருந்தது.

எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"எல்லாம் உங்க பூஜைங்க டீச்சரம்மா. சந்தனம் இன்னும் அழியலை பாருங்க," என்றாள் ருக்குமணி, எனக்குக் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தபடி. "வீட்டு ஞாபகத்துல உங்க வாசல்ல மட்டும் மெதுவாப் போகுது."

ஞாபகம் என்று அவர்கள் சொன்னதை நான் ஒவ்வொரு ஒன்பது நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவர் பேச வாயெடுப்பார் என்று நம்பி ஒரு கணம் தாமதித்து, அவர் பேசாததைக் கண்டு, மேற்கொண்டும் சொல்லாமல் நடந்துவிடும் மரியாதையுள்ள மனிதர்கள் உண்டு. அது அந்த மனிதர்களைப் போலத் தாமதித்துவிட்டுப் போனது.

இழுவை வண்டியில் வந்து சேர்ந்த காரைப் பட்டறைக்கு அனுப்பலாம் என்று நாச்சிமுத்து சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் திறமையை மெச்சிக்கொண்டு போனார். ஷெட்டின் கதவைச் சாத்தி, ஜாக்கி ஏற்றி, தாங்கி வைத்து, சக்கரம் கோக்கும் ஹப் காலியாக நின்றதைப் பார்த்தேன். ஒரு ஸ்டட் பாதியில் முறிந்திருந்தது. அதன் மரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி, இடுக்குகளில் கருத்த சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. மற்ற மூன்றிலும் சந்தனம் உதிர்ந்து, உதிர்ந்த இடைவெளியில் நட்டுகள் தளர்ந்து கழன்றிருந்தன. எந்தக் கல்லும் அந்தச் சக்கரத்தைப் பிடுங்கவில்லை. வளைவுக்கு வருவதற்கு முன்பே, அந்த மனிதர் மனைவியைப் பார்ப்பதற்கு முன்பே, அது கழன்றுகொண்டிருந்தது.

காட்டூர் உதிரிபாகக் கடையில் நான்கு புதிய ஸ்டட்டுகளும் நட்டுகளும் வாங்கி வந்தேன். பிரேக் டிரம்மைக் கழற்றி, முறிந்த ஸ்டட்டின் முனையில் செம்புச் சுத்தியலால் அடித்துப் பின்புறமாக வெளியே தள்ளினேன். புதியதைப் பின்னாலிருந்து துளையில் நுழைத்து, முன்னால் வாஷர்களை அடுக்கி, நட்டைத் திருப்பி மாட்டி, கால் சுற்றாக, கால் சுற்றாக இறுக்கினேன். ஸ்டட்டின் கழுத்திலுள்ள வரிப்பற்கள் ஹப்பின் உலோகத்தைக் கவ்வி, தலை பின்புறத்தில் இடைவெளியின்றிப் பதியும்வரை அவசரப்படக்கூடாது. நான் அவசரப்படவில்லை. நான்கையும் மாற்றினேன், கம்பித் தூரிகையால் துலக்கினேன், மாற்றுச் சக்கரத்தை மாட்டினேன், நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, அளவுகாட்டும் ஸ்பானரால், புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு பிழையின்றி ஒரு வேலையை நான் செய்ததில்லை. அதைப் பழுதுபார்த்தல் என்று சொல்லிக்கொண்டுதான் செய்தேன். முடித்துக் கை துடைக்கும்போதுதான், திருமூர்த்தியின் குற்றமின்மைக்கு இந்த உலகில் இருந்த ஒரே சாட்சியை நான் ஒழுங்காகக் கழற்றி எடுத்துவிட்டேன் என்று தெரிந்தது.

வெளியே சக்கரம் வந்தது. தாமதித்தது. போயிற்று.

எதிர்வீட்டில் வேனின்மேல் தார்ப்பாய் விழுந்து வெகுநாளாயிற்று. சொந்த மனைவியை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கியவர் வண்டியில் எப்படிப் பிள்ளைகளை அனுப்புவது என்று பதினொரு வீட்டுப் பெற்றோரும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். திருமூர்த்தி அவர்களைக் குறை சொல்லவில்லை. தன் கண்ணை இனி நம்ப முடியாது என்று அவரே முதலில் சொன்னார். ஒரு பஞ்சுக் கிடங்கில் மூட்டைகளுக்கு எண் போடும் வேலைக்கு நடந்தே போனார். பூங்கொடிக்கு எலும்பு கூடியும் கை தோளுக்குமேல் எழவில்லை. காலையில் அவர்தான் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. பின்னி முடித்து, அவள் திரும்புவதற்குள் எழுந்து போய்விடுவார்.

கார்த்திகை தீபத்தன்று சக்கரத்தின் தடத்துக்கு இருபுறமும் நான்கு வீதிகளிலும் அகல் ஏற்றினார்கள். அதற்குக் களைப்பு வரும் காலத்தில் அமர்வதற்கு ஒரு மேடை கட்டலாம் என்று நாச்சிமுத்து இடம் அளந்துகொண்டிருந்தார். அந்த விளக்குகளுக்கு நடுவே ஒருவன் பைக்கில் வந்து இறங்கி, திருமூர்த்தியின் வேனிலிருந்து தார்ப்பாயை விலக்கி, டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். வேனுக்கு விலைபேசி, மறுநாள் மாலை வந்து எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று என்று ருக்குமணி சொன்னாள்.

நான் இரவு சாப்பிடவில்லை. காலையில், ஷெட்டின் மூலையில் நான் போட்டிருந்த முறிந்த ஸ்டட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரம் கடந்து போகும்வரை நின்று, வீதியைக் கடந்தேன்.

"வாங்க டீச்சரம்மா, காப்பி போடட்டுமா?" என்றாள் பூங்கொடி. "ஒத்தக் கையில போடறது, சீனி முன்னப்பின்ன இருக்கும்."

"வேண்டாம் பூங்கொடி. நான் சொல்றதைக் கேட்டப்புறம் நீங்களே தரமாட்டீங்க."

வரிசையாகச் சொன்னேன். தட்டில் வைத்த நட்டு, துடைக்காத சந்தனம், குழாய், மணிக்கட்டில் உணர்ந்தது, மருத்துவமனையில் சொன்ன சொல், ஷெட்டில் செய்த வேலை. திருமூர்த்தி ஸ்டட்டை வாங்கி, நசுங்கிய மரைமேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்," என்றார். பிறகு, "எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

"சாவியைக் குடுக்கறப்பவே."

அவர் ஸ்டட்டைப் பூங்கொடியிடம் நீட்டினார். பூங்கொடிதான் பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"ரெண்டு மாசமா இந்த மனுசன் என் மூஞ்சியப் பாக்கலைங்க. நான் சிரிச்சதுதான் வினையாப் போச்சுன்னு நானும் நெனச்சுட்டு, சிரிக்காம இருந்து பழகிட்டேன்."

வெளியே சக்கரம் கடக்கும் மெல்லிய அரவம் கேட்டது. சொல்லிவிட்டால் அது நின்றுவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அது நிற்கவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?" என்றாள் பூங்கொடி.

"கேக்கலாமான்னு தெரியலை."

"கேக்காதீங்க. கேட்டா நான் குடுத்துருவேன். அப்புறம் உங்களுக்குச் சுலபமாப் போயிரும்."

திருமூர்த்தி எழுந்தார். "அவன் சாயங்காலம் வர்றான் வண்டி எடுக்க. வரவேண்டாம்னு சொல்லிர்றேன். நாளைக்குக் காலையில ஆறேமுக்காலுக்கு வந்துருங்க. பதினோரு வீட்டுக்கும் வேன்லயே போலாம். ஒவ்வொரு வாசல்லயும் நீங்க இறங்கிச் சொல்லோணும். நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுவாங்க."

அன்று மாலை நாச்சிமுத்துவிடமும் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"டீச்சரம்மா, நான் தப்பாச் சொல்லலை. திருமூர்த்திக்கு வேற ஏதாச்சும் உதவி பண்ணலாம். இதை எதுக்கு வெளியில... சனங்க அதைச் சுத்தி நடந்து சுகர் குறைஞ்சிருக்குது. மேடைக்குச் செங்கல் இறக்கியாச்சு. இப்பப் போயி சந்தனத்துனாலதான் கழண்டுச்சுன்னா, மனசு கஷ்டப்படுவாங்க."

"கஷ்டப்படட்டும்," என்றேன். "ரெண்டு மாசமா அந்தக் கஷ்டத்தை ஒரே வீடு பட்டுட்டு இருக்கு."

மறுநாள் திருமூர்த்தி வேனை வெளியே எடுப்பதற்கு முன் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் ஸ்பானரால் இறுக்கிப் பார்த்தார். பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார். எதற்கென்று கேட்கவில்லை. வீதியில் பால் வாங்குவோரும் கோலமிடுவோரும் பார்த்திருக்க, நான் தரையில் மண்டியிட்டு, அவர் இறுக்கிய இருபது நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

முதல் வாசலில் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வீட்டம்மா, "என்னங்க, சத்தமாச் சொல்லுங்க," என்றாள். சத்தமாகச் சொன்னேன். உள்ளே போய்க் கணவனை அழைத்து வந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள். இன்னொரு முறை சொன்னேன். மகளின் பையைத் தூக்கி வேனில் வைத்தார்கள். இரண்டாம் வாசலில் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாம் வீட்டில் இருந்தவள் என்னுடைய பழைய மாணவி. நான் சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்திருந்தாள், தவறு செய்தவள் தானே என்பதுபோல். ஐந்தாம் வாசலில் ஒரு பெரியவர், "இதைச் சொல்ல ரெண்டு மாசம் ஆச்சா? படிச்சவங்கதானே நீங்க?" என்றார். ஆம் என்றேன். பிள்ளைகள் ஏறினார்கள், சிலர் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் வீதிக்கு முதுகைக் காட்டியபடி நின்று பேசியதால், சக்கரம் எப்போது கடந்தது, கடந்ததா என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் வீட்டில் சொல்லிவிட்டு வந்து முன்னிருக்கையில் அமர்ந்தபோது கைப்பேசி அடித்தது.

"டீச்சரம்மா," என்றார் நாச்சிமுத்து, கோயிலுக்குள் பேசுபவர்போலத் தணிந்த குரலில், "மூணாவது வீதில அது படுத்துருச்சுங்க. சாக்கடை ஓரமா. கூட்டமா நிக்கறாங்க. நீங்க வராம யாரும் தொடமாட்டேங்கறாங்க. ஒரு நிமிசம் வந்துட்டுப் போனீங்கன்னா..."

பின்னால் ஆறு பிள்ளைகள் ஜன்னலுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"இன்னும் ரெண்டு வீடு இருக்கு," என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தேன்.

அவர் கியரில் கை வைத்தார், வண்டியை எடுக்கவில்லை. காலையிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"கதவு சரியாச் சாத்தலீங்க," என்றார். "இன்னொருக்காத் தெறந்து, இழுத்துச் சாத்துங்க."

திறந்து, இழுத்துச் சாத்தினேன். அவர் குனிந்து பூட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, வண்டியை எடுத்தார்.